ஒரே பெயர் பெற்ற இருவர்

தமிழில் இக்கருத்துக்கு மூன்று சொற்கள் வழங்குகின்றன. சீர்திருத்தச் சபையினர் 'தீர்க்கதரிசி' என்பர். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'இறைவாக்கினர்' என்கிறது. இஸ்லாமியத் தமிழில் 'நபி'. முதற்சொல் பார்வையையும், அடுத்தது வாக்கையும் முன்னிறுத்துகின்றன. எபிரேயத்திலும் இதற்கு நபியோடு உறவுடைய 'நாவி' என்ற சொல்லே உண்டு. அதனை 'அழைத்தல்' என்னும் பொருளுடைய அக்காதிய வினையோடு இணைப்பர் அறிஞர் பலர். அழைக்கப்பட்டவர் என்பதே அடிப்படை. வருவதுரைத்தல் அவர் பணியில் ஒரு பகுதி.

அழைக்கப்பட்டவர் எவர் என்று அறிவது எங்ஙனம்? எரேமியா நூலின் 28ஆம் அதிகாரம் இவ்வினாவையே எழுப்புகிறது. கி.மு. 597இல் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, அதன் அரசனையும் கோயிற் கலங்களையும் கொண்டுசென்றான். சில ஆண்டுகளில் யூதா நாட்டில் கலக எண்ணம் தலைதூக்கியது. பாபிலோனுக்குப் பணிந்திருப்பதே உயிர்பிழைக்கும் வழி என்றுரைத்த எரேமியா, அதற்கு அடையாளமாக மரநுகத்தைத் தம் கழுத்தில் சுமந்து திரிந்தார். கோயிலில் குருக்களும் மக்களும் காண அனனியா அவரை எதிர்கொண்டார். இரண்டே ஆண்டுகளில் கலங்களும் அரசனும் திரும்புவர் என்று கூறி, அந்நுகத்தை எடுத்து முறித்துப் போட்டார்.

இருவரும் ஒரே கடவுளின் பெயரால் பேசினர். ஒருவர் வாக்கு நாட்டுப்பற்றாகவும், மற்றவர் வாக்கு துரோகமாகவும் ஒலித்திருக்கும். எபிரேய மூலம் இருவரையுமே 'நாவி' என்றுதான் குறிக்கிறது. பிற்காலக் கிரேக்க மொழிபெயர்ப்போ அனனியாவைப் 'போலித் தீர்க்கதரிசி' என்கிறது. கி.மு. 586ஐ ஒட்டி நகரும் கோயிலும் எரிந்ததை அம்மொழிபெயர்ப்பாளர் அறிந்திருந்தார். அன்று கோயிலில் நின்றவர்களுக்கு அவ்வறிவு இல்லை. மூலநூல் அவர்களுடைய தடுமாற்றத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறது.

எரேமியாவின் மறுமொழி கருதத்தக்கது. அனனியாவின் வாக்கு பலிக்கட்டும் என்றே முதலில் கூறினார். சமாதானம் உரைப்பவரை அது நிறைவேறும்போதுதான் அறியலாம் என்று நினைவூட்டிவிட்டு, அங்கிருந்து அகன்றார். மரநுகத்தின் இடத்தில் இரும்புநுகம் வரும் என்ற வாக்கு அவருக்குப் பின்னரே வந்தது.

தம் வாக்கு பொய்த்துப்போவதை விரும்பியும் அதனைச் சொல்லாதிருக்க இயலாதவர் அவர். அனனியாவுக்கு அந்தச் சுமை இருந்ததாக நூல் எங்கும் கூறவில்லை. வருங்காலம் தீர்ப்பளிக்கும் முன்பே இருவரையும் பிரித்தறிய ஏதேனும் குறி உண்டெனில், அது இதுவாகவே இருத்தல் கூடும்.