முகப்பில் இல்லாத பெயர்கள்

வெளிமாநிலங்களில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் ஆங்கிலக் கதைப் புத்தகம் படிக்கத் தொடங்கும் வயதில், இரண்டு வகை அமெரிக்க நூல்கள் அவர்கள் கைக்கு வருவதுண்டு. ஒன்று, புல்வெளிப் பிரதேசத்தில் முதன்முதலாகப் போய்க் குடியேறிய குடும்பங்களின் வாழ்வையும் காதலையும் சொல்வது. மற்றொன்று, நான்சி ட்ரூ போன்ற துப்பறியும் கதை. 'பொழுதுபோக்குப் புத்தகம்தானே' என்று நாம் இவற்றைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் இரண்டின் பின்னாலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. இரண்டிலும் சிலர் மறைக்கப்பட்டார்கள்.

முதலில் குடியேற்றக் கதையைப் பார்ப்போம். 1862-ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி, ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்பவருக்கு, சிறு கட்டணம் மட்டும் பெற்றுக்கொண்டு 160 ஏக்கர் வரை நிலம் கொடுத்தார்கள். நிலத்தை நம்பி மேற்கே வண்டி கட்டிய குடும்பங்களில் ஒன்று, லாரா இங்கல்ஸ் வைல்டருடையது. 1867-ல் விஸ்கான்சினில் பிறந்த லாரா, தம் முதல் நாவலை வெளியிட்டது 1932-ல், 65 வயதில்! பிரதியைச் செப்பனிட்டதில் மகள் ரோஸுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் முகப்பில் அவர் பெயர் இல்லை. 1943-ல் வந்த எட்டாவது நூல், லாராவுக்கும் அல்மான்சோவுக்கும் நடந்த திருமணத்தோடு முடிகிறது. இந்தக் களத்தைப் பிற்காலத்தில் பலர் எடுத்துக்கொண்டார்கள். கனடாவின் ஜேனட் ஓக் 1979-ல் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி', மேற்கே வரும் வழியில் கணவனை இழந்த இளம்பெண், மனைவியை இழந்த ஒருவரை மணந்து, மெள்ள மெள்ள அன்பு கொள்ளும் கதை.

படிக்க இதமான கதைகள்தாம். ஆனால் அந்த நிலம் அதற்கு முன் யாருடையது? லாராவின் தந்தை 1869 வாக்கில் கான்சாஸில் வீடு கட்டிய இடம் ஓசேஜ் மக்களுக்குரிய பூமி. 1870-களின் தொடக்கத்தில் அவர்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. 1935-ல் வந்த 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி'யில் அவர்கள் புறப்பட்டுப் போகும் காட்சியும் இருக்கிறது. ஆனாலும் நூலின் ஆரம்பத்தில், அங்கே மனிதர்களே இல்லை, பூர்வகுடிகள் மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. அப்படியென்றால் அவர்கள் மனிதர்கள் இல்லையா? இதைத்தான் ஒரு வாசகர் 1952-ல் பதிப்பகத்தாருக்கு எழுதிச் சுட்டிக் காட்டினார். லாராவும் ஒப்புக்கொள்ள, 1953 பதிப்பில் 'மனிதர்கள்' என்ற இடம் 'குடியேறியவர்கள்' என்று மாறியது. மாறியது ஒரே சொல். அதற்குப் பதினெட்டு வருஷம் ஆயிற்று.

இனி துப்பறியும் கதை. நான்சி ட்ரூ நூல்களின் முகப்பில் இருக்கும் கரோலின் கீன் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. அது எட்வர்ட் ஸ்ட்ராட்மேயர் நடத்திய கதைத் தயாரிப்பு நிறுவனம் வைத்த பெயர். கதைச் சுருக்கத்தை நிறுவனம் கொடுக்கும். வேறொருவர் உட்கார்ந்து எழுதுவார். 1930-ல் வெளியான முதல் நூலையும், முதல் 30 நூல்களில் 23-ஐயும் எழுதியவர் மில்ட்ரெட் பென்சன். 1905-ல் அயோவா மாநிலத்தின் லடோரா என்ற சிற்றூரில் பிறந்தவர். 1927-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் துறையில் முதுகலைப் பட்டம் பெற்றவர். ஆரம்ப நூல்களுக்கு அவருக்குக் கிடைத்தது நூலுக்கு 125 டாலர். ராயல்டி கிடையாது, தாம்தான் எழுதியதாகச் சொல்லிக்கொள்ளும் உரிமையும் கிடையாது. நூல்கள் லட்சக்கணக்கில் விற்றபோது, அவர் டொலீடோ நகரில் நாளிதழ் நிருபராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1980-ல் பதிப்பகங்களுக்கு இடையே நடந்த வழக்கில் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டபோதுதான் உண்மை நீதிமன்றத்தில் பதிவாயிற்று. 2002-ல் தம் 96-ஆம் வயதில் காலமாகும் வரை பத்திரிகைக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

நான்சி ட்ரூ நூல்களையும் 1959 முதல் திருத்தினார்கள். பழைய பதிப்புகளில் கறுப்பின மக்களைக் கேலியாகச் சித்தரித்த இடங்கள் இருந்தன. முதல் நூலில் குடிகாரராக வரும் கறுப்பினக் காவலாளி, திருத்திய பதிப்பில் வெள்ளையர் ஆகிவிட்டார். இழிவு போனது சரி. கூடவே அந்த மனிதரும் போய்விட்டாரே! லாராவின் நூலில் ஒரு சொல்லை மாற்றியபோது, விடுபட்டவர்கள் மனிதர் கணக்கில் சேர்ந்தார்கள். இங்கே திருத்தம் என்ற பெயரில் ஒருவர் கணக்கிலிருந்தே நீங்கினார். எல்லாத் திருத்தமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா? 2018-ல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழந்தைகள் பிரிவு, லாராவின் பெயரில் வழங்கிவந்த விருதுக்கே வேறு பெயர் சூட்டியது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதனால் பிள்ளைகளிடமிருந்து இந்தப் புத்தகங்களைப் பிடுங்கி வைக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. தைரியமான பெண்களை நம் பெண் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தியதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. படித்து முடித்ததும் இரண்டே கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த நிலம் முன்பு யாருடையது? இந்தக் கதையை உண்மையில் எழுதியது யார்? ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு, ஒரு மண்ணில் யார் முன்னே இருந்தார்கள் என்று விசாரிப்பதும், உழைத்தவர் பெயரைத் தேடிச் சொல்வதும் நல்ல பழக்கம். பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கொள்ளட்டும்.