எழுபத்தைந்து சதவீதம்

ஒவ்வொரு பருவத்தேர்வுக்கு முன்பும் ஒரு பட்டியல் என் மேசைக்கு வரும். வருகைப்பதிவு குறைந்த மாணவியரின் பட்டியல். நான் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதில் கையெழுத்துப் போட்டு வருகிறேன். விதி எளிமையானது. பி.காம். மாணவி ஒரு பருவத்தில் 75 சதவீத வகுப்புகளுக்கு வந்திருக்க வேண்டும். 65 வரை குறைந்தால் விண்ணப்பம் எழுதி, கட்டணம் கட்டி, துறைத்தலைவரின் பரிந்துரையோடு தேர்வு எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்த முறை தேர்வு கிடையாது. 50க்கும் கீழே என்றால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் ஏறக்குறைய இதுதான் நடைமுறை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பட்டியலில் நன்றாகப் படிக்கும் ஒரு மூன்றாமாண்டு மாணவியின் பெயர் இருந்தது. 68 சதவீதம். கூப்பிட்டுக் கேட்டேன். அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்கிறார்கள், சமைக்க ஆள் இல்லை என்றாள்.

“வீட்ல வேற யாரும் இல்லையாம்மா?”

“தம்பி இருக்கான் மேடம். அவனும் பி.காம்.தான், ஃபர்ஸ்ட் இயர்.”

“அவனுக்கு அட்டெண்டன்ஸ் எவ்வளவு?”

“தொண்ணூறுக்கு மேல இருக்கும் மேடம். அவனை எப்படி லீவு போடச் சொல்றது?”

இருவருக்கும் விதி ஒன்றுதான். அந்த விதி ஆண், பெண் என்று எங்கும் சொல்வதில்லை. ஆனால் அது மனத்தில் வைத்திருக்கும் மாணவர், காலையில் யாரோ கட்டித்தந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர். அன்றிலிருந்துதான் என் பாடத்தின் வரலாற்றைத் தகுதி விதிகளின் வழியாகத் திரும்பப் படிக்கத் தொடங்கினேன்.

வணிகக் கல்வி இந்தியாவில் கல்லூரிப் படிப்பாக வேரூன்றியது 1913இல் பம்பாயில் சிடனம் கல்லூரி தொடங்கியபோது. அடுத்த ஆண்டே சென்னையில் இராணி மேரி கல்லூரி பெண்களுக்காகத் திறக்கப்பட்டது. ஒன்று கணக்கையும் வங்கியையும் கற்றுத்தர வந்தது; மற்றது பெண்களுக்குக் கலைப்பாடங்களைத் தர வந்தது. இந்த இரண்டு பாதைகளும் ஒன்று சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் பெண்களுக்கு அலுவலகக் கதவைத் திறந்தவை தட்டச்சும் சுருக்கெழுத்தும். கணக்கை முடிவு செய்கிற நாற்காலி ஒருவருக்கு. அதைத் தட்டச்சு செய்கிற நாற்காலி இன்னொருவருக்கு.

அந்த ஏற்பாட்டை உடைத்தவர் இராணி மேரி கல்லூரியில் படித்த ஆர். சிவபோகம். 1907இல் பிறந்தவர், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு ஓராண்டு சிறையிருந்தவர். அரசுக் கணக்கியல் பட்டயத் தேர்வை எழுதி, 1933இல் இந்தியாவின் முதல் பெண் கணக்குத் தணிக்கையாளர் ஆனார். தனியாகத் தொழில் நடத்த அவர் முன்வந்தபோது ஒரு விதி குறுக்கே நின்றது: சிறைக்குப் போனவர்கள் தணிக்கையாளராகப் பதிவு செய்ய முடியாது. அவர் வழக்குத் தொடுத்தார், வென்றார். பின்னாளில், 1955 முதல் 1958 வரை, பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்தியக் குழுவுக்குத் தலைவராக இருந்தார்.

வகுப்பில் அவரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்வேன். சிவபோகம் தேர்வை எளிதாக்கச் சொல்லவில்லை. எல்லோரும் எழுதிய தேர்வையே எழுதினார். தணிக்கை தெரிந்தவரா என்று சோதிப்பது தகுதி. சிறைக்குப் போனவரா என்று கேட்பது தகுதியின் உடையில் வந்த தடை. இரண்டையும் பிரித்துக் காட்டியதுதான் அவருடைய வழக்கு. முதல் முயற்சியிலேயே தேறும் சிறந்த மாணவிக்கு ஒரு பரிசையும் அவர் ஏற்படுத்தினார். தரத்தின் மீது அவருக்கு இருந்த பிடிவாதம் அதில் தெரிகிறது.

நான் பி.காம். சேர்ந்தது 1991இல். பள்ளியில் ‘தேர்ட் குரூப்’ எடுத்தபோதே, கணக்கு வராத பிள்ளை என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். பட்டம் வாங்கிய கையோடு சி.ஏ. படிக்க ஆசைப்பட்டேன். அதற்கு ஒரு தணிக்கை அலுவலகத்தில் பயிற்சி எடுப்பது கட்டாயம். நான் போன அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி, “வெளியூர் ஆடிட்டுக்கு வருவியாம்மா?” வருவேன் என்றேன். “அப்பாவைக் கூட்டிட்டு வா” என்றார்கள். அப்பா வரவில்லை. என் பட்டம் கடைசியில் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் அச்சானது. முதுகலை படித்து இந்த வேலைக்கு வந்ததெல்லாம் அதற்குப் பிறகு, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு.

பட்டமும் கல்யாணமும் இப்படிச் சேர்ந்தது என் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் தமிழ்நாடு அரசு நடத்திய திருமண உதவித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெண்ணைப் படிக்கவைத்தால் கல்யாணத்துக்கு உதவி என்பது அதன் நிபந்தனை. 2011இல் பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் என்றானது. பெண்கள் பட்டம் வரை வர இது உதவியது என்பதை மறுக்க மாட்டேன். என் மாணவியர் பலரின் பெற்றோர் இதைச் சொல்லித்தான் மூன்றாமாண்டு வரை அனுப்பினார்கள். ஆனாலும் பட்டச் சான்றிதழ் தாலித் தங்கத்துக்கான தகுதிச் சான்றாகவும் ஆனது. 2022 செப்டம்பரில் அதே அம்மையாரின் பெயரில் ‘புதுமைப் பெண்’ திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்கு, உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். பணம் கல்யாணத்திலிருந்து படிப்புக்கு நகர்ந்தது. ஒரு நிபந்தனையை மாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வருகை விதியும் அசைந்திருக்கிறது. மாணவியருக்கு மகப்பேறு விடுப்பும் வருகையில் தளர்வும் தர விதிகள் வகுக்குமாறு 2021 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. 2023 ஜனவரியில் கேரளத்தில், மாதவிடாயைக் கருதி மாணவியர் 73 சதவீதம் வந்தால் போதும் என்றானது. “இப்படியே போனால் தரம் என்ன ஆவது?” என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். பி.காம். பட்டத்தின் தரம் எது? அடக்கவிலைக் கணக்கியலும் நிறுமச் சட்டமும் வருமானவரியும் படித்து, ஒவ்வொன்றிலும் தேறுவது. அந்த மதிப்பெண்ணில் ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

என் கவலை வேறு. மாதவிடாய்க்கு 2 சதவீதம் கிடைக்கும். பிரசவத்துக்கும் விடுப்பு கிடைக்கும். உடலுக்கு விதி கொஞ்சம் இடம் கொடுத்துவிட்டது. அடுப்படிக்கு எந்த விதியில் இடம்? முதலாண்டில் நாங்கள் கற்றுத்தரும் முதல் பாடம், ‘பெறுபவர் கணக்கில் பற்று வை, தருபவர் கணக்கில் வரவு வை’ என்பது. பொருளியல் வகுப்பில் பிகுவின் பழைய உதாரணத்தையும் சொல்கிறோம்: சம்பளத்துக்கு வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்ணை முதலாளியே மணந்துகொண்டால், வேலை அப்படியே நடந்தும் நாட்டு வருமானம் குறைந்துவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த மாணவி அம்மாவுக்கும் தம்பிக்கும் தந்த நாட்கள் எந்தப் பேரேட்டிலும் வரவாகவில்லை. வருகைப்பதிவேட்டில் மட்டும் அவை பற்றாக விழுந்தன.

விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் ‘உடல்நலக் குறைவு’ என்று எழுதி மருத்துவச் சான்று வைப்பார்கள். அவளும் சான்று வாங்கத் தெரிந்த டாக்டர் இருக்கிறார் என்றாள். “உண்மையை எழுது, நான் பரிந்துரை செய்கிறேன்” என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, ‘அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, வீட்டு வேலை முழுவதும் நான் செய்தேன்’ என்று எழுதினாள்.

இரண்டு நாளில் விண்ணப்பம் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில், ‘மருத்துவச் சான்று இணைக்கவும்’. தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அவள் சான்று வாங்கி வந்தாள்; கட்டணம் கட்டினாள்; தேர்வு எழுதித் தேறினாள். அவள் முதலில் எழுதிய தாளை நான் கிழிக்கவில்லை. துறைக்கூட்டத்தில் அதை வைத்து, அந்தக் கட்டத்தில் வீட்டுப் பொறுப்பையும் ஒரு காரணமாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். ஆண் பிள்ளைகளுக்கும் அது பொருந்த வேண்டும் என்றும் சொன்னேன். அக்காக்களின் தம்பிகளும் என்றாவது ஒரு நாள் அந்தக் காரணத்தை எழுத வேண்டுமல்லவா? கோரிக்கை இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. தாள் என் கோப்பில் இருக்கிறது.