குளோப் திட்டம்: பள்ளி மாணவர்களின் சூழல் அளவீடும் அதைத் தாங்கும் நிறுவனங்களும்

குளோப் என்பது பள்ளி மாணவர்கள் தங்கள் ஊரின் காற்று, நீர், மண், மரஞ்செடிகளை உலகெங்கும் ஒரே முறைப்படி அளந்து, அந்த அளவுகளை ஒரு பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கும் பன்னாட்டுத் திட்டம். 1994 ஏப்ரல் 22 அன்று, புவி நாளில், அமெரிக்காவின் அப்போதைய துணை அதிபர் ஆல் கோர் இதை அறிவித்தார். உலகின் பல நாட்டு மாணவர்களையும் சூழல் கண்காணிப்பில் ஈடுபடுத்தலாம் என்ற யோசனையை 1992இல் வெளியான 'எர்த் இன் தி பேலன்ஸ்' நூலிலேயே அவர் எழுதியிருந்தார். அறிவிப்புக்கு அடுத்த ஆண்டின் புவி நாளில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நாசா இதன் முதன்மைப் புரவலர். தேசிய அறிவியல் அறக்கட்டளை, பெருங்கடலையும் வளிமண்டலத்தையும் கவனிக்கும் நோவா, அமெரிக்க வெளியுறவுத் துறை ஆகியவை துணை நின்றன. இன்று 120க்கு மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்துள்ளன. தரவுத்தளத்தில் பதிவான அளவுகள் 15 கோடியைத் தாண்டிவிட்டன. மாணவர்கள் மட்டுமன்றி யார் வேண்டுமானாலும் அவற்றைக் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஒரு பள்ளி முற்றத்தில் மழைமானி நிற்பதற்குப் பின்னால் மூன்று அடுக்கு ஏற்பாடு இருக்கிறது. முதல் அடுக்கு அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தம். அளவீட்டு முறைகள், பயிற்சி நூல்கள், தரவுத்தளம் ஆகியவற்றை அமெரிக்கத் தரப்பு தருகிறது. தன் நாட்டில் திட்டத்தை நடத்தும் செலவையும் பொறுப்பையும் கூட்டு நாடு ஏற்கிறது. ஒப்பந்தத்தின் பேரில் பணம் கைமாறுவதில்லை. இரண்டாவது அடுக்கு, அந்தந்த நாடு நியமிக்கும் ஒருங்கிணைப்பாளரும் அவருக்கு இடமளிக்கும் நிறுவனமும். மூன்றாவது, பள்ளிக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனம், அருங்காட்சியகம் போன்றவை. அமெரிக்காவிலும் பல்கலைக்கழகங்களும் கல்வி மாவட்டங்களும் துணை நிறுவனங்களாகச் சேர்ந்தே ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகின்றன. இவை அனைத்தையும் இணைக்கும் மைய அலுவலகப் பணியை 2003 முதல் நெடுங்காலம் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரிலுள்ள யூகார் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பு செய்தது.

இந்த மூன்றில் மூன்றாவது அடுக்கே உயிர்நிலை. தலைநகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் ஒரு நாடு பட்டியலில் ஏறலாம். வெப்பமானி உடைந்த மறுவாரம் ஆசிரியர் யாரைக் கூப்பிடுவார் என்பதற்கு அந்த ஒப்பந்தத்தில் விடை இல்லை. திட்டம் நிலைத்த நாடுகளைப் பார்த்தால் இது விளங்கும். செக் நாட்டில் தெரெசா என்ற தொண்டு நிறுவனம் தொடக்க காலத்திலிருந்தே பள்ளிகளுடன் தொடர்ந்து பணியாற்றிவருகிறது. குரோவேசியாவில் குளோப் பள்ளிகள் ஆண்டுதோறும் கூடித் தம் ஆய்வுகளை முன்வைக்கும் தேசிய நிகழ்வு நடக்கிறது. தாய்லாந்தில் அறிவியல் பாடத்திட்டத்தை வகுக்கும் அரசு நிறுவனமே குளோப்பையும் கவனிக்கிறது. எனவே அளவீடு பாட நேரத்துக்கு வெளியே ஒட்டவைத்த வேலையாக இல்லாமல் பாடத்துக்குள்ளேயே வருகிறது. அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள வலாய்லக் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களின் கொசுப்புழு ஆய்வுகளுக்குப் பல ஆண்டுகளாகத் துணை நிற்கிறார்கள். வீட்டைச் சுற்றி எந்த வகைப் பாத்திரத்தில், தொட்டியில், தேங்கிய நீரில் எந்த இனக் கொசுவின் புழு வளர்கிறது என்று எண்ணிப் பார்க்கும் ஆய்வு இது. டெங்கு நிலவும் பகுதியில் இது வெறும் செய்முறைப் பாடமாக நின்றுவிடுவதில்லை.

அளவீட்டு முறைகள் ஐம்பதுக்கு மேல் உள்ளன. வளிமண்டலம், நீர்நிலை, மண், உயிர்க்கோளம் என்று அவை பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் துறை அறிவியலாளர்களால் எழுதப்பட்டது. மாணவர் கையில் கொடுக்கும் அளவுக்கு எளிது, ஆய்வாளர் நம்பும் அளவுக்குக் கண்டிப்பு. காற்றின் வெப்பநிலையை எடுத்துக்கொள்வோம். வெப்பமானி, பக்கங்களில் காற்றோட்டப் பலகைகள் பொருத்திய வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பெட்டிக் கதவு வடகோளத்தில் வடக்கையும் தென்கோளத்தில் தெற்கையும் பார்க்க வேண்டும். திறக்கும்போது வெயில் நேராக உள்ளே விழாதிருக்கவே இந்த ஏற்பாடு. பொருத்துவதற்கு முன் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து, அது காட்டும் அளவு 0 பாகைக்கு அரைப் பாகை இப்படி அப்படி நிற்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். நாள்தோறும் அளக்கும் நேரம் உச்சிப்பொழுதுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குள். கடிகாரத்தின் 12 மணி இதற்கு உதவாது; சூரியன் எழுவதற்கும் மறைவதற்கும் சரிபாதியான பொழுதை ஒவ்வொரு ஊரும் தானே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

மழைப் பதிவு இன்னும் நுட்பமானது. மழைமானிக் குழாயில் நீரின் மேற்பரப்பு நடுவில் சற்றே குழிந்திருக்கும். கண்ணை அந்த மட்டத்துக்குத் தாழ்த்தி, குழிவின் அடிப்பகுதியைப் படிக்க வேண்டும். மழையே இல்லாத நாளில் 0 என்று எழுத வேண்டும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தூறல் என்றால் அதற்குத் தனிக் குறி. நீர் கொட்டிப்போனாலோ அளவு தவறிப்போனாலோ அதற்கு வேறொரு குறி. சனி, ஞாயிறு விடுமுறைக்குப் பின் திங்களன்று படித்தால், அந்த நீர் எத்தனை நாளில் சேர்ந்தது என்பதையும் எழுத வேண்டும். மழை பெய்யவில்லை என்பதும் பார்க்கவில்லை என்பதும் ஒன்றல்ல. பார்க்காத நாளில் 0 போட்டுவிட்டால் ஒரு வறண்ட நாள் பொய்யாக உண்டாகிவிடும். பின்னால் வரும் ஆய்வாளரால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை இந்த நேர்மையைப் பழகுவது, என் பார்வையில், திட்டத்தின் மிகப் பெரிய பயன்.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆற்றிலும் குளத்திலும் நீரின் வெப்பநிலை, தெளிவு, பி.எச். அளவு, கரைந்த ஆக்சிஜன், உப்புத்தன்மை அளக்கப்படுகின்றன. மண்ணைத் தோண்டி அடுக்குகளைப் பிரித்து, ஈரப்படுத்தி விரலால் தேய்த்து மணல், வண்டல், களி என்று இனம் காண்கிறார்கள். குளிர் நாடுகளில் வசந்தத்தில் மொட்டு எந்த நாளில் விரிகிறது, இலை எவ்வளவு நீள்கிறது, இலையுதிர் காலத்தில் எப்படி நிறம் மாறுகிறது என்று ஒரே கிளையை விடாமல் பார்க்கிறார்கள்.

செயற்கைக்கோள் இருக்கும்போது பிள்ளைகள் ஏன் அளக்க வேண்டும் என்ற கேள்வி எழும். செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. மெல்லிய கீற்று மேகம் அதன் கண்ணுக்குத் தப்பலாம். மேலே அடர்ந்த மேகம் இருந்தால் கீழேயுள்ள திரள் மேகம் அதற்குத் தெரியாது. பனி மூடிய வெள்ளைத் தரையை மேகத்திலிருந்து பிரித்தறிவதும் கடினம். தரையில் நிற்கும் மாணவர் மறுபக்கத்தைப் பார்க்கிறார். வர்ஜீனியாவிலுள்ள நாசாவின் லாங்லி ஆய்வு மையம் இதற்காக 1997இலேயே பள்ளிகளுடன் மேகக் கண்காணிப்பைத் தொடங்கியது. பின்னர் அது குளோப்புடன் இணைக்கப்பட்டது. செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தை ஒட்டி ஒருவர் மேகத்தைப் பதிவு செய்தால், அவர் கண்டதையும் செயற்கைக்கோள் கண்டதையும் அருகருகே வைத்து ஒரு மின்னஞ்சல் அவருக்கே வருகிறது. தான் அனுப்பியதை யாரோ எடுத்துப் பார்த்தார்கள் என்று ஒரு மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

மண் ஈரத்திலும் இதே உறவு உண்டு. 2015 ஜனவரி 31 அன்று ஏவப்பட்ட எஸ்மாப் செயற்கைக்கோள் நிலத்தின் மேல் 5 செ.மீ. ஈரத்தை உணர்கிறது. மாணவர்கள் அதே 5 செ.மீ. மண்ணை எடுத்து எடை பார்த்து, உலர்த்தி, மீண்டும் எடை போட்டு, இழந்த நீரைக் கணக்கிடுகிறார்கள். நிலப்போர்வை ஆய்வுக்கு 90 மீட்டர் நீள அகலமுள்ள ஒரே சீரான இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். லாண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் 30 மீட்டர் சதுரம். சுற்றிலும் ஒரு புள்ளி அளவு இடம் விட்டால், இடக்குறிப்பு சற்றுப் பிசகினாலும் நடுப்புள்ளி அந்த நிலத்துக்குள்ளேயே விழும். 2018இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் லேசர் கற்றையால் மர உயரத்தையும் அளப்பதால், மாணவர்கள் அளக்கும் மர உயரமும் ஒப்பீட்டுக்கு உதவுகிறது.

குறைகளும் உண்டு. கோடிக்கணக்கான பதிவுகள் இருந்தாலும் அவை சமமாகப் பரவவில்லை. சில நாடுகளில் அடர்த்தி, பல நாடுகளில் வெற்றிடம். ஒரே பள்ளியில் பல்லாண்டு இடைவிடாத தொடர்பதிவு கிடைப்பது அரிது. கோடை விடுமுறை, தேர்வு, ஆர்வமுள்ள ஆசிரியரின் இடமாற்றம் ஆகியவற்றில் தொடர் அறுந்துபோகிறது. கருவிகளின் விலை ஏழைப் பள்ளிக்குச் சுமை. தொடக்க ஆண்டுகளில், மாணவர்களைத் தரவு சேகரிப்பவர்களாக மட்டும் வைத்திருக்கிறார்கள் என்ற விமர்சனமும் எழுந்தது. அது நியாயமான விமர்சனம். பிற்காலத்தில் மாணவர்களே கேள்வி எழுப்பி ஆய்வு செய்து, ஆண்டுதோறும் இணையவழி அறிவியல் கருத்தரங்கில் அறிக்கை அளிக்கும் முறை வலுப்பெற்றது. 2016இல் வந்த குளோப் அப்சர்வர் கைபேசிச் செயலி கருவிச் செலவைக் கொஞ்சம் குறைத்தது. மேகம், கொசுப்புழு, நிலப்போர்வை, மர உயரம் ஆகியவற்றைப் பொதுமக்களும் அதில் பதியலாம். ஆனால் மழையையும் மண்ணையும் செயலியால் அளக்க முடியாது.

இந்தியா 2000ஆம் ஆண்டில் இத்திட்டத்தில் சேர்ந்தது. சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் சார்பில் இந்தியச் சுற்றுச்சூழல் சங்கம் ஒருங்கிணைப்பைக் கவனித்தது. இலங்கையும் உறுப்பு நாடு. மாணவர்கள் நேரில் கூடும் குளோப் கற்றல் பயணம் 1998இல் ஹெல்சிங்கியில் தொடங்கியது. 2008இல் கேப் டவுனிலும், 2014 ஆகஸ்டில் புதுதில்லியிலும், 2018இல் அயர்லாந்தின் கிலார்னியிலும் நடந்தது.

பள்ளிக்குப் பக்கத்தில் நிற்கும் துணை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு, குளோப்புக்கு வெளியே, நம் அண்டையிலேயே நல்ல சான்று உள்ளது. 2010 வாக்கில் இந்தியாவில் தொடங்கிய சீசன்வாட்ச் திட்டத்தில் மாணவர்கள் மா, பலா, கொன்றை போன்ற மரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் தளிர், பூ, காய், கனியை வாரம் ஒருமுறை பதிகிறார்கள். நாட்டிலேயே மிக அதிகமான பதிவுகள் கேரளப் பள்ளிகளிலிருந்து வந்தன. அங்கே மாத்ருபூமி நாளிதழின் சீட் என்ற பள்ளிச் சூழல் இயக்கம் அதனுடன் கைகோத்திருந்தது. ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பள்ளிகளில் பொறுப்பாசிரியர்களையும் தொடர்பையும் வைத்திருந்த இயக்கம் அது.