சம்பளக்காரனுக்கு வீடு யார் தருவது?

நல்ல சம்பளம் வாங்கியும் நடுத்தர வாழ்க்கை வாழ முடியவில்லை என்ற புலம்பல் இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை, ஆஸ்பத்திரிச் செலவு என்று கணக்குப் போட்டு, அந்தக் காலத்துக் குமாஸ்தா நிம்மதியாக இருந்தான், இன்றைக்கு அவனைவிடப் பல மடங்கு வாங்குகிறவன் திண்டாடுகிறான் என்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் குமாஸ்தா யார்? ஊர்த்தெருவில் பாட்டன் கட்டிய வீடும் கொஞ்சம் நஞ்சையும் வைத்திருந்தவன். அவனுக்குச் சம்பளம் மேற்செலவுக்கு. சேரியிலிருந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கோ சம்பளம் ஒன்றுதான் சொத்து. அது அவனுக்கு எந்தக் காலத்தில் வசதியை வாங்கித் தந்தது என்று பார்க்காமல், ‘இன்னமும் தருமா’ என்று கேட்டால் என்ன அர்த்தம்?

1917இல் பரோடாவுக்குப் போவோம். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அம்பேத்கருக்கு அங்கே வேலை. சமஸ்தானம் கொடுத்த உதவித்தொகைக்கு ஈடாகப் பத்து வருஷம் உழைப்பதாக ஒப்பந்தம். வேலை இருக்கிறது, படுக்க இடமில்லை. இந்து விடுதிகள் சேர்க்காது. பார்சிகளின் மதத்தில் தீண்டாமை கிடையாதே என்று ஒரு பார்சி விடுதிக்குப் போகிறார். பார்சி அல்லாதவர் தங்கக்கூடாது என்கிறார் விடுதிக்காரர். கடைசியில் பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்வதென்று ஏற்பாடாகிறது. நாளுக்கு ஒன்றரை ரூபாய். உடைந்த சாமான்கள் குவிந்த மாடியில், வௌவால்களுக்கு நடுவே, அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு தனியாகக் கிடந்திருக்கிறார். பதினோராம் நாள் காலையில் டஜன் பார்சிகள் தடிகளோடு வந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யவேண்டும்.

பார்சிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. அன்றைக்கு அவர் போய்க் கேட்ட இந்து நண்பர், நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறிஸ்தவ நண்பர், மனைவி நாளை வருகிறாள், கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் பிராமணராக இருந்து மதம் மாறியவர். பொதுத் தோட்டத்தில் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டு அம்பேத்கர் பம்பாய்க்கு ரயிலேறினார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று அவர் எழுதிவைத்து, 1990இல் சிறு நூலாக வந்ததில் இதெல்லாம் இருக்கிறது. அதில் நம்மாட்கள் அதிகம் கவனிக்காத ஒரு விஷயம்: அரசாங்க பங்களா ஒன்று தரும்படி மந்திரிக்கு ஏற்கெனவே மனுப் போட்டிருந்தார். ஒரு வாரம் தவணை கேட்டது அதற்காகத்தான்.

1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். மாதம் 450 ரூபாய். மில் தொழிலாளியின் கூலியைப்போலப் பல மடங்கு. அங்கேயும் ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாதென்று சக பேராசிரியர்கள் கிளம்பினார்கள். வீடு? பரேலில், தொழிலாளிகள் வாழ்ந்த இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் சாளில் இரண்டு அறை. சம்பளத்தில் குடும்பச் செலவு போக, மறுபடி லண்டன் போய்ப் படிக்கப் பணம் சேர்த்தார். தாதரில் சொந்தமாக ‘ராஜகிருஹம்’ கட்டிப் போனது 1930களில்தான்.

பின்னால் அவரே வைஸ்ராய் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, 1943இல் மத்திய அரசுப் பணியில் நமக்கு 8.33 சதவீத இடஒதுக்கீடு வந்தது. அந்த வாசல் வழியாகத்தான் நம்மில் ஒரு சம்பளக்கூட்டம் உருவானது. அந்தக் கூட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவன் குவார்ட்டர்ஸிலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் எண்ணம். ரயில்வே லைன், நெய்வேலி நகரியம், போலீஸ் குடியிருப்பு, தாலுக்கா ஆபீஸ் பின்னால் ஓடுபோட்ட வீடுகள். சாதி கேட்காமல் சாவி கொடுத்த ஒரே வீட்டுக்காரன் அரசாங்கம்தான்.

எங்கள் பெரியப்பா 1979இல் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். குவார்ட்டர்ஸ் கிடைக்க இரண்டு வருஷம் ஆனது. அதுவரை வீடு தேடி அலைந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார். “சார் எந்த ஊரு?” என்று மரியாதையாகத்தான் ஆரம்பிப்பார்களாம். ஊரைச் சொன்னால், “அங்க எந்தத் தெரு?” தெருவைச் சொன்னதும் வீட்டுக்கு வேறு ஆள் அட்வான்ஸ் கொடுத்திருப்பது ஞாபகம் வந்துவிடும். சம்பளம் எவ்வளவு என்று ஒருத்தனும் கேட்டதில்லை.

அந்தச் சம்பளமும் அவருடையதா? இரண்டு அத்தைகளின் கல்யாணம், எங்கப்பா படிப்பு, தாத்தா வைத்துவிட்டுப் போன கடன், அடகுக்கடை வட்டி. “ஒண்ணாந்தேதி ஆனா ஊரிலேருந்து யாராவது வந்து திண்ணைல ஒக்காந்திருப்பாங்கடா” என்பார் பெரியம்மா. முதல் தலைமுறைச் சம்பளம் ஒரு சேரிக்கே மழை. அது மூலதனமாக எங்கே தேங்கும்?

இப்போது என்ன மாறிவிட்டது? 2015இல் சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லி வட்டாரத்தில் வாடகை வீடு தேடிப் பார்த்து எழுதினார்கள். மேல்சாதிப் பெயருக்குத் திறந்த கதவு தலித் பெயருக்கு அவ்வளவு திறக்கவில்லை, முஸ்லிம் பெயருக்கு அதைவிடவும் குறைவு. அகமதாபாத்தில் ஒரு பார்சிக் கூட்டுறவு வீட்டுச் சங்கம், பார்சிகள் மட்டுமே உறுப்பினர் என்று வைத்திருந்த விதி செல்லும் என 2005இல் உச்சநீதிமன்றமே சொன்னது. நம்மூரில் ‘வெஜிட்டேரியன் ஒன்லி’ பலகை.

பெரியப்பா மகள், எங்கக்கா, 2006இல் ஆசிரியை ஆனார். பெரியப்பா கடைசியாக வாங்கியதைவிட இன்றைக்கு அவர் பல மடங்கு வாங்குகிறார். ஆனால் 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியம் இல்லாமல் பங்களிப்புத் திட்டத்தில்தான் சேர்க்கப்பட்டார். அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி, குவார்ட்டர்ஸ் என்று பெரியப்பாவுக்குக் கிடைத்த எல்லாவற்றையும் அக்கா காசு கொடுத்து வாங்குகிறார். 2016இல் ஏழாவது ஊதியக்குழு மத்திய அரசின் அடிப்படைச் சம்பளத்தை 7,000இலிருந்து 18,000 ஆக்கியது. ஆனால் கீழ்ப்படிகளில் நிரந்தர வேலையே ஒப்பந்தமாகிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்கள் யாரென்று இந்த இதழின் வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை.

நம் தோழர்கள் கூட்டங்களில் ‘குவார்ட்டர்ஸ் தலித்’ என்று கிண்டலடிப்பதைக் கேட்டிருக்கிறேன். படித்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று 1956 மார்ச் 18இல் ஆக்ராவில் அம்பேத்கர் கலங்கியதை உடனே மேற்கோள் காட்டுவார்கள். அந்தக் கோபம் நியாயமானது. பெயரை மறைத்து வாழ்கிறவர்கள் மீது எனக்கும் எரிச்சல் உண்டு. ஆனாலும் ஆக்ராவைச் சொல்கிறவர்கள் பரோடாவின் பதிவேட்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வசதிக்காக மறைக்கிறவன் ஒருத்தன், கூரைக்காக மறைக்கிறவன் வேறு ஒருத்தன். இரண்டு பேரையும் ஒரே சொல்லால் அடிக்கிறோம்.

பெரியப்பா 2012இல் ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். ஐம்பத்தெட்டு வயதில் மறுபடி “எந்தத் தெரு?” வேண்டாமென்று, கையில் வந்த பணத்தில் ஊருக்கு வெளியே மனை வாங்கினார். அக்கம்பக்கத்தில் மனை போட்டவர்களும் ஓய்வுபெற்ற நம்மாட்களே. மாடி வீடுகள், வாசலில் கார்கள், ‘நகர்’ என்று முடிகிற பலகை எல்லாம் இருக்கிறது. அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். போன மாதம் நான் அங்கே போக ஆட்டோ ஏறி, நகரின் பெயரைச் சொன்னேன். ஓட்டுநருக்குப் புரியவில்லை. வழியைச் சொன்னதும் திரும்பிப் பார்த்து, “காலனிக்கா சார்?” என்றார்.