ஹோல்பர்ன் விருந்துக்கு இரண்டு சாட்சிகள்: காந்தியின் அவையச்சம் குறித்து ஒரு மறுவாசிப்பு

காந்தியின் அவையச்சத்தைப் பற்றி எழுதியவர்கள் 'சத்திய சோதனை'யில் அவரே சொல்லும் தோல்விகளை வரிசையாக எடுத்துவைத்துவிட்டு 1893க்கு வந்து நிற்பது வழக்கம். 1888இல் ராஜ்கோட் பள்ளியில் நடந்த வழியனுப்பு விழா, லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழு, வென்ட்னர் கூட்டம், ஹோல்பர்ன் விருந்து, பம்பாய் நீதிமன்றம் என்று அந்த வரிசை நீளும். பிறகு தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் அவர் எழுந்து பேசுகிறார், கதை திரும்புகிறது. திரும்பியது ஏன் என்பதில் மட்டும் இரண்டு கட்சிகள் உண்டு. நிறவெறியின் அவமதிப்பு மூட்டிய அறச்சீற்றம் அச்சத்தை ஒரே மூச்சில் எரித்துவிட்டது என்பது ஒரு கட்சி. சிறிய அவையில் தொடங்கிப் பெரிய அவைக்குப் படிப்படியாக ஏறிப் பயத்தைக் கரைத்தார் என்பது உளவியல் சார்ந்த மறு கட்சி. இவர்கள் ஒருவரையொருவர் மறுத்தாலும் லண்டன் முயற்சிகள் தோற்றன என்பதில் ஒத்துப்போகிறார்கள். அந்த இடத்தில்தான் என் கருத்து வேறுபடுகிறது.

லண்டன் முயற்சிகள் எல்லாமே தோற்றன என்பதற்கு ஒரே சாட்சி காந்தி. அவர் சாட்சி சொல்வது முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து. அதைவிட முக்கியமாக, அவர் பயந்தவர். பயந்தவர் தன் பேச்சைத் தானே மதிப்பிடும்போது அந்த மதிப்பீட்டில் எவ்வளவு பேச்சைப் பற்றியது, எவ்வளவு பயத்தைப் பற்றியது என்ற கேள்வி எழுப்பப்பட்டதாகத் தெரியவில்லை. அதை எழுப்பிப் பார்க்க நமக்கு நல்வாய்ப்பாக ஓர் இடம் இருக்கிறது.

இந்தியாவுக்குத் திரும்பும் முன் காந்தி தன் சைவ நண்பர்களை லண்டனில் ஹோல்பர்ன் உணவகத்துக்கு விருந்துக்கு அழைத்தார். 1891 ஜூன் மாதம். அந்த இரவை 'சத்திய சோதனை' ஒரு கேலிக் காட்சியாகவே நினைவுகூர்கிறது. நகைச்சுவையாகப் பேச வேண்டும் என்று சில வாக்கியங்களை முன்கூட்டியே கவனமாக யோசித்து வைத்திருந்தாராம். நாடாளுமன்றத்தில் ஒரே சொல்லை மூன்றுமுறை சொல்லி மேலே போக முடியாமல் நின்ற எழுத்தாளர் அடிசனின் கதையை வைத்துத் தொடங்க நினைத்தாராம். எழுந்ததும் நினைவு வெறுமையாகிவிட்டது. வந்தவர்களுக்கு ஒரு வாக்கியத்தில் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கை வரலாறுகள் பலவும் இதை அப்படியே எடுத்தாள்கின்றன. சொல்லச் சுவையான கதை. யாருக்கு விட மனம் வரும்?

இரண்டாவது சாட்சி ஜூன் 13 தேதியிட்ட 'வெஜிடேரியன்' இதழ். காந்தியின் எழுத்துத் தொகுப்பின் முதல் தொகுதியிலேயே இந்தச் செய்தி இருக்கிறது. இது ஒளிந்துகிடந்த ஆவணம் அல்ல. அதை எழுதியவரும் காந்தியின் பதற்றத்தைக் கவனித்திருக்கிறார். சற்றே பதற்றமான பேச்சு என்று எழுதுகிறார். அதே மூச்சில் அதை நயமான பேச்சு என்றும் சொல்கிறார். காந்தி வந்தவர்களை வரவேற்றார், இங்கிலாந்தில் புலால் மறுக்கும் பழக்கம் வளர்வது கண்டு மகிழ்ச்சி தெரிவித்தார், சைவ உணவுச் சங்கத்தோடு தனக்குத் தொடர்பு ஏற்பட்ட விதத்தை விவரித்தார், நண்பர் ஓல்ட்ஃபீல்டுக்குத் தான் பட்ட கடனை உருக்கமாக எடுத்துச் சொன்னார். நான்கு செய்திகள், ஓர் ஒழுங்கு, கேட்டவர்களைத் தொட்ட ஒரு முடிவு. இதை ஒரு வாக்கியத்தில் யாரும் சொல்லிவிட முடியாது.

நட்பு இதழ் சங்கத்தின் செயற்குழு உறுப்பினரைப் பற்றிப் பெருந்தன்மையோடு எழுதியிருக்கும் என்ற மறுப்பு வரும். பெருந்தன்மை காட்டுபவர் பதற்றத்தைக் குறிப்பிடாமல் விட்டிருப்பார். அதைக் குறிப்பிட்டவர், பேசாத பொருள்களைப் பேசியதாகப் புனைந்தார் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை. இரண்டும் வேறு வேறு விருந்துகளாக இருக்கலாம் என்ற மறுப்பு இதைவிட வலுவற்றது. இடமும் தருணமும் விருந்தளித்தவரும் ஒன்று. முந்தைய மாதம் லண்டன் கூட்டம் ஒன்றில் இந்திய உணவுகளைப் பற்றி அவர் வாசித்த கட்டுரைக்கும் இதே மாதிரியான பதிவுதான் கிடைக்கிறது: தொடக்கத்தில் சற்றுப் பதறினார், பிறகு வாசித்தார். தன்வரலாற்றில் அவையச்சத்தைச் சொல்லும் அத்தியாயத்தில் அந்த மே மாதக் கட்டுரை இடம்பெறவே இல்லை.

ஆக, பிரிட்டோரியாவுக்கு இரண்டு ஆண்டு முன்பே காந்தி பதறிக்கொண்டேனும் அவையில் பேசி முடித்தவர். அது அவருக்கே தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதற்கு 1995இல் உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் முன்வைத்த விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். சமூகப் பதற்றம் உள்ளவர் அவையில் நிற்கும்போது கவனம் கேட்பவர்கள்மேல் செல்வதில்லை. தன் உடலுக்குள் திரும்பிவிடுகிறது. படபடப்பையும் வறண்ட நாவையும் வைத்தே தான் பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்று ஒரு படத்தை அவர் வரைந்துகொள்கிறார். கூட்டம் முடிந்த பிறகும் அந்தப் படத்தையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் அது கறுத்துக்கொண்டே போகிறது. இந்த விளக்கத்தின்மேல் எழுந்த சிகிச்சையில், பேசியவருக்கு அவர் பேசிய ஒளிப்பதிவையே போட்டுக் காட்டுவார்கள். உள்ளே தோன்றிய கோலத்துக்கும் வெளியே தெரிந்த தோற்றத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து அநேகர் வியந்துபோவதுண்டு. 1891இல் அந்த ஒளிப்பதிவின் வேலையைச் செய்திருக்கக்கூடியது 'வெஜிடேரியன்' இதழ். காந்தி கப்பலேறியது ஜூன் 12. இதழ் வெளிவந்தது மறுநாள்.

அவருக்குச் சமூகப் பதற்ற நோய் இருந்தது என்று நான் சொல்லவில்லை. இறந்தவர்களுக்கு நோய்ப் பெயர் சூட்டும் வேலையில் எனக்கு ஆர்வமில்லை. இது வெறும் மேடைக் கூச்சம்தானே என்றால், பள்ளி விட்டதும் யாரிடமும் பேச நேர்ந்துவிடுமே என்று வீட்டுக்கு ஓடிய சிறுவனையும், ஆறு பேர் கூடியிருந்த அறையில் வாயடைத்துப்போன இளைஞனையும் அந்தச் சொல் தாங்காது.

படிப்படியாக ஏறிப் பயத்தைக் கரைத்தார் என்னும் படிக்கட்டு விளக்கம் எங்கே வழுக்குகிறது என்பதை இப்போது பார்க்கலாம். இந்த முறைக்கு மருத்துவ வடிவம் தந்த ஜோசப் வோல்ப்பி ஜோகன்னஸ்பர்க்காரர். பிரிட்டோரியா அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை என்பது ஒரு சுவையான தற்செயல். 1958இல் வந்த அவருடைய நூலின்படி, அச்சம் தரும் சூழல்களை ஏறுவரிசையில் அடுக்கி, உடல் தளர்ந்த நிலையில் ஒவ்வொன்றாகக் கற்பனையில் எதிர்கொள்ளச் செய்வார்கள். பின்வந்தவர்கள் கற்பனைக்குப் பதில் நேரடியாகச் சூழலுக்குள்ளேயே இறக்கினார்கள். பார்வைக்குக் காந்தியின் லண்டன் வாழ்க்கை இதற்கு உகந்த களம்: 1890இல் செயற்குழு உறுப்பினரான அவர் எந்தக் கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. ஆனால் வாய் திறந்ததில்லை. என்னிடம் நன்றாகப் பேசுகிறாயே, குழுவில் மட்டும் ஏன் ஊமையாகிவிடுகிறாய் என்று ஓல்ட்ஃபீல்ட் கடிந்துகொண்டிருக்கிறார். கருத்தடையை ஆதரித்த டாக்டர் அலின்சனைச் சங்கத்திலிருந்து நீக்கத் தலைவர் ஹில்ஸ் முனைந்தபோது காந்திக்கு அழுத்தமான மாற்றுக் கருத்து இருந்தது. அதை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். படிக்கத் துணிவு வரவில்லை, வேறொருவர் படித்தார்.

அஞ்சும் இடத்துக்குத் தொடர்ந்து போவது மட்டும் போதுமானால் அந்தச் செயற்குழுவே அவரைக் குணப்படுத்தியிருக்க வேண்டும். போனார், ஆனால் மௌனத்துக்குள் ஒளிந்துகொண்டு போனார். இப்படிப்பட்ட ஒளிவிடங்களை இன்றைய சிகிச்சையாளர்கள் பாதுகாப்பு நடத்தைகள் என்கிறார்கள். 'பேசினால் சிரிப்பார்கள்' என்ற எதிர்பார்ப்பை அவை சோதனைக்கே விடுவதில்லை. பேசாதவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை; அதில் அவர் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

பிரிட்டோரியாவில் இந்த ஒளிவிடம் இல்லை. கூட்டத்தைக் கூட்டியவரே அவர். ஹாஜி முகமது ஹாஜி ஜூசபின் வீட்டில் பெரும்பாலும் மேமன் வணிகர்கள் நிறைந்த அவையில், வியாபாரத்தில் உண்மை வேண்டும் என்று அவர் பேசினார். தன் வாழ்வின் முதல் பொதுப் பேச்சு இதுவே எனலாம் என்பது அவர் வாக்கு. ஹோல்பர்ன் அவர் கணக்கில் சேரவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிரிட்டோரியாவைத் திருப்புமுனை என்பவர்கள் இந்த ஒரு கூட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்து வரும் செய்தி எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. கூட்டம் வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ தொடர்ந்து நடந்தது. பிரிட்டோரியாவில் அவர் அறியாத இந்தியர் என்று எவரும் இல்லாத நிலை வந்தது. ஆங்கிலம் கற்றுத் தருவதாக அவர் சொன்னதற்கு மூவர் முன்வந்தார்கள்: ஒரு முடிதிருத்துபவர், ஒரு எழுத்தர், ஒரு சிறுகடைக்காரர். அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய், வேலையாக இருந்தால் காத்திருந்து பாடம் சொன்னார். பள்ளியிலிருந்து ஓடிய சிறுவன் அந்நியர் கடைவாசலில் காத்து நிற்கிறான். இந்தப் பகுதி முழுவதிலும் தலைசுற்றல் இல்லை, நடுக்கம் இல்லை. உடல் நடுங்கவே இல்லையா, நடுங்கியதை எழுதத் தோன்றவில்லையா என்று பிரித்தறிய வழியில்லை. இரண்டாவதே நடந்திருக்கும் என்று ஊகிக்க எனக்குப் பம்பாய்க் கூட்டம் இடம் தருகிறது.

1896 செப்டம்பர் 26 அன்று ஃப்ராம்ஜி கவாஸ்ஜி இன்ஸ்டிடியூட் அரங்கில் தென்னாப்பிரிக்க இந்தியர் நிலை பற்றிக் கூட்டம். முந்தைய நாள் பேச்சு தயாரா என்று கேட்ட பம்பாய்த் தலைவர் பெரோஸ்ஷா மேத்தாவிடம் காந்தி, எழுதாமலே பேச நினைத்திருப்பதாகச் சொல்கிறார். தயாரிப்பின்றிப் பேசுவது தனக்கு ஒருபோதும் இயலாது என்று அதே நூலில் முன்னர் எழுதியவர் இவர். இந்த முரணை எவரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. மேத்தா வற்புறுத்தியதால் உரை எழுதப்பட்டு இரவோடிரவாக அச்சேறியது. மறுநாள் நிரம்பி வழிந்த அரங்கில் காந்தி நடுங்கினார். இன்னும் உரக்க, இன்னும் உரக்க என்று மேத்தா ஊக்கப்படுத்த, குரல் மேலும் மேலும் தாழ்ந்தது. நண்பர் கேசவராவ் தேஷ்பாண்டே உரையை வாங்கிக்கொண்டார், அவை ஏற்கவில்லை. 'வாச்சா, வாச்சா' என்று கூச்சல். தின்ஷா வாச்சா எழுந்து படித்தார். அவை அமைதியாகக் கேட்டது.

மூன்றாண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் இந்த நடுக்கம் வந்ததால் அறச்சீற்றம் அச்சத்தை எரித்துவிட்டது என்னும் கட்சி இங்கே கவிழ்கிறது. பயம் ஒரே சீராகக் கரைந்தது என்னும் கட்சிக்கும் இது உதவவில்லை. ஓரிடத்தில் அடங்கிய அச்சம் சூழல் மாறியதும் தலைதூக்குவது ஆய்வகத்தில் நன்கு அறியப்பட்டதுதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வென்ட்னரில் நடந்தது என்ன? எழுதிய உரை, மங்கிய பார்வை, நடுக்கம், உரையை உடனிருந்த மஜ்முதார் வாங்கிப் படித்தது. பம்பாயில் நடந்ததும் அதுவே, அங்கம் அங்கமாக. வென்ட்னரில் காந்தி தன் இயலாமையை எண்ணி வெட்கப்பட்டார், வருந்தினார். பம்பாயில் அவர் பெருமகிழ்ச்சி அடைந்ததாக எழுதுகிறார், ஏனென்றால் உரையை அவை ஏற்றது, மேத்தாவுக்குப் பிடித்தது. நிகழ்வு ஒன்றே, அளவுகோல் மாறிவிட்டது. முன்பு அவர் அளந்தது தன் உடலை. இப்போது அவர் அளந்தது தென்னாப்பிரிக்க இந்தியரின் வழக்கு அவைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை.

பிரிட்டோரியாவின் தொடர் கூட்டங்கள் அவருக்குத் தந்தது இந்தப் புதிய அளவுகோலைத்தான் என்பது என் துணிபு. அஞ்சுவதை எதிர்கொள்ளும் சிகிச்சையைப் பற்றி உளவியலாளர் மிஷெல் கிராஸ்க்கும் அவரோடு சேர்ந்தவர்களும் அண்மைக் காலத்தில் சொல்லி வருவதும் இதற்கு அருகில் வருகிறது. சூழலில் நிற்கும்போதே பயம் வடிந்தாக வேண்டும் என்பதில்லை. என்ன நடந்துவிடும் என்று அஞ்சினோமோ அது நடந்ததா என்று பார்ப்பதே கல்வி. பயம் வடிவதற்காகக் காத்திருப்பவர் தன் நாடியையே பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவையைப் பார்ப்பதில்லை.

என் வாசிப்புக்கு இணங்காத ஓர் இடம் உண்டு. லண்டனிலிருந்து திரும்பியபின் பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் மமிபாய் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர், ஒரு கேள்வியும் தோன்றாமல் உட்கார்ந்துவிட்டார். 30 ரூபாய்க் கட்டணத்தைத் தன்னிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னார். 51 ரூபாய்க்குப் பட்டேல் என்ற வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார். இதை நினைவின் இருட்டடிப்பு என்று தள்ள முடியாது, கட்டணம் கைமாறியிருக்கிறது. ஹோல்பர்னில் பேச முடிந்தவருக்கு இங்கே முடியவில்லை. நண்பர்கள் நிறைந்த உணவகத்தில் கற்றது நீதிமன்றம்வரை கூட வரவில்லை என்று சொல்லலாம். அதற்குமேல் ஆதாரம் இழுக்காது.

பம்பாய்க் கூட்டத்துக்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 26 அன்று, சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் காந்தி பேசினார். உரை அச்சிட்டதே, அவர் அளவுக்கு நீளமானதும்கூட. பல் உடைபட்ட ஒப்பந்தத் தொழிலாளி பாலசுந்தரத்தின் செய்தி கூட்டத்தில் ஆழமாகப் பதிந்தது, ஒவ்வொரு சொல்லையும் மக்கள் கவனமாகக் கேட்டார்கள் என்கிறார். குரல் எட்டியதா, கை நடுங்கியதா என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் எழுதுவதெல்லாம் கூட்டம் முடிந்ததும் பச்சை நிற உறை போட்ட தன் துண்டுப் பிரசுரத்துக்கு நெரிசல் உண்டானதைப் பற்றித்தான். திருத்திய பதிப்பாக 10,000 பிரதிகள் அச்சடித்தார். விற்பனை மும்முரமாக நடந்தது. ஆனாலும் அவ்வளவு தேவையில்லை, உற்சாகத்தில் கணக்கைக் கூட்டிப் போட்டுவிட்டேன் என்று பிறகு ஒப்புக்கொள்கிறார்.