பாராட்டுச் சொற்கள் வந்த வழி

மாதேஸ்வரன் மலை நம் குடியிருப்பினர் பலரும் நன்கறிந்த தலம். சிவராத்திரி, யுகாதி, தீபாவளி ஆகிய விழாக்களில் அங்கே திரளும் பெருங்கூட்டத்தில் கன்னட மக்களும் தமிழ் மக்களும் கலந்தே நிற்பர். கொள்ளேகால் வழியாக ஒரு சாராரும், மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாக மற்றொரு சாராரும் மலையேறுவர். வழி இரண்டாயினும் முழக்கம் ஒன்றே. "உகே, உகே, மாதப்பா!" என்னும் அவ்வொலி மலையெங்கும் எதிரொலிக்கும். 'உகே' என்பது கன்னடச் சொல். 'போற்றி', 'வெற்றி உண்டாகுக' என்பது அதன் கருத்து. பழனியில் 'அரோகரா' என்று முழங்கும் அதே நா, இம்மலையில் 'உகே' என்று முழங்குகிறது. அதனால் அந்நாவின் தமிழ் குன்றிவிடுவதில்லை.

இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. இம்மலை அடங்கிய கொள்ளேகால் தாலுக்கா 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1997-இல் மைசூர் மாவட்டத்தினின்று சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுள் அடங்கிற்று. கோடுகள் இடம் மாறின. மக்களின் போக்குவரவு மாறவில்லை. சேலம், தருமபுரிப் பகுதிகளில் மாதையன், மாதேஷ் என்னும் பெயர்கள் இன்றும் மிகுதியாக வழங்குவதே அதற்குச் சான்று.

போற்றுதற்கும் பாராட்டுதற்கும் உரிய சொற்கள் ஏனைய சொற்களைக் காட்டிலும் விரைந்து நாடுவிட்டு நாடு செல்லும் இயல்புடையன. மகிழ்ச்சி பொங்குங்கால் இலக்கணம் பார்ப்பார் யார்? நம் வீடுகளில் வழங்கும் சொற்களையே எடுத்துக்கொள்வோம். 'சபாஷ்' என்பது பாரசீகம். 'ஷாத் பாஷ்', அதாவது 'மகிழ்ந்திரு' என்னும் வாழ்த்தே அவ்வாறு குறுகிற்று. 'ஜோர்' என்பதும் பாரசீகமே. வலிமை என்பது அதன் மூலப்பொருள். 'தாலுக்கா', 'ஜில்லா', 'வசூல்' முதலியன சர்க்கார் ஏடுகளில் ஏறிவந்த காலத்தில், இவை அரங்கிலும் சந்தையிலும் வாய்மொழியாகவே வந்து சேர்ந்தன. 'பலே' என்பது மராட்டி, கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்றற்கும் பொதுவானது. 'பத்திர' என்னும் வடசொல் பிராகிருதத்தில் 'பல்ல' எனத் திரிந்ததன் வழித்தோன்றல் அது.

'பிரமாதம்' என்னும் சொல்லின் கதை இன்னும் சுவையுடையது. வடமொழியில் அது கவனக்குறைவு, பிழை என்று பொருள்படும். கன்னடத்திலும் பிழை என்னும் பொருள் மாறவில்லை; தெலுங்கில் ஆபத்து என்றாயிற்று. தமிழிலோ அதுவே மிக உயர்ந்த பாராட்டு! ஆதலின், அண்டை வீட்டுக் கன்னட அம்மையார் அன்புடன் அளித்த பாயசத்தை உண்டு நாம் 'பிரமாதம்' என்று மெச்சினால், அவர் சற்றே திகைப்பது இயல்பே.

நிற்க. நம் பிள்ளைகள் கன்னடத் தோழரோடு சேர்ந்து 'சகத்' என்கின்றனர். அதுவும் பாரசீகத்தினின்று வந்ததே. 'கடினம்', 'உறுதி' என்பது அதன் முதற்பொருள். கடல்கடந்து நார்வே நாட்டிலும் இளைஞர் உவந்ததனைத் 'தொஃப்ட்' என்பர். அதன் பொருளும் உரம், உறுதி என்பதே! அவர்கள் 'கொங்கெ' என்றும் மெச்சுவர். அரசன் என்பது பொருள். 'ஃபெட்' என்றும் கூறுவர். கொழுப்பு என்பது பொருள். 1956-இல் யாழ்ப்பாணத்து அந்தோனி இராஜேந்திரம் அந்நாடு சென்றார். அவருக்குப் பின் குடியேறிய ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகள் இன்று அச்சொற்களுக்கு நடுவே வளர்கின்றனர். மைசூரில் நம்மை எதிர்நோக்கும் வினாவே ஆங்குள்ள பெற்றோரையும் எதிர்நோக்குகிறது.

பிறமொழிச் சொல் நுழைவதனாலேயே தமிழ் தேயும் என்று அஞ்சுதல் வேண்டா. தொல்காப்பியனார் இயற்சொல், திரிசொல் என்பவற்றோடு திசைச்சொல், வடசொல் என்பவற்றிற்கும் இடம் வகுத்தார். அஞ்சத்தக்கது வேறொன்று உளது. நம் இல்லங்களில் பிள்ளைகளை அதட்டுவது தமிழில். 'படி', 'எழுந்திரு', 'வாயை மூடு' என்பன தமிழில். பள்ளியிலும் விளையாட்டுத் திடலிலும் அவர்கள் பெறும் பாராட்டோ கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். ஏச்சுக்கு ஒரு மொழி, மெச்சுதலுக்கு வேறு மொழி என்றானால், பிள்ளையின் நெஞ்சம் எம்மொழியை நாடும்? தாய்மொழி தண்டனையின் ஒலியாக மட்டும் செவியில் நிலைத்துவிட்டால், வளர்ந்தபின் அதனை விரும்பிப் பேசுவார் எவர்?

மெய்ப்பாடுகளை எட்டாக எண்ணிய நம் முன்னோர் பெருமிதத்தையும் உவகையையும் அவற்றுள் வைத்தனர். அவற்றை வெளிப்படுத்தத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. 'நன்று', 'அருமை', 'அழகு', 'நன்றாகச் செய்தாய், கண்ணே' என்பன எளிய சொற்கள், செலவில்லாத சொற்கள். இளைஞர் இன்று கூறும் 'செம' என்பதைக் கேட்டு முகஞ்சுளிக்கவும் வேண்டா. 'செம்மை' என்னும் பழஞ்சொல்லின் சாயல் அதில் இருக்கிறது.

ஆகவே, மலைமேல் 'உகே' என்று நம் அண்டை மக்களோடு சேர்ந்து முழங்குவோம். அது நமக்கு வாழ்வளித்த நாட்டிற்கு நாம் செலுத்தும் மரியாதை. இல்லம் திரும்பியதும், பிள்ளை எழுதிய முதல் தமிழ் வரி கோணலாயினும், அதனைத் தமிழிலேயே மெச்சுவோம். பாராட்டப்பெற்ற நாவில் தமிழ் தங்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!