வியட்நாமியர் ஆங்கிலம் கற்ற கதை



"ஐயா, என் மகனுக்குத் தமிழ் வருகிறது. மலாயும் வருகிறது. இந்த ஆங்கிலம் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?" தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டால் ஆங்கிலம் தானே வந்துவிடுமா?" என்றும் கேட்கிறார்கள்.

இக்கேள்விகளுக்கு நேராக விடை கூறாமல், வேறொரு மக்களின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர்கள் நமக்கு அயலவர். நம்மைப் போலவே நெல்லும் ரப்பரும் அறிந்தவர். அந்நிய மொழிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்க வேண்டிய நிலைக்கு உள்ளானவர். அவர்கள்தாம் வியட்நாமியர்.

வியட்நாம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் சீனப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. கி.பி. பத்தாம் நூற்றாண்டில் அவ்வாட்சி நீங்கியது. ஆயினும் சீன எழுத்து நீங்கவில்லை. அரசாங்க ஆவணங்களும் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளும் சீன எழுத்திலேயே தொடர்ந்தன. தம் தாய்மொழியை எழுத விரும்பியவர்கள், சீன எழுத்துகளைக் கொண்டு 'நோம்' என்னும் எழுத்து முறையை உருவாக்கினர். அதைக் கற்பதற்கு முதலில் சீன எழுத்தைக் கற்க வேண்டும்! வயலில் உழைப்பவனுக்கு அத்தனை காலம் ஏது? படிப்பு படித்தவர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துகல் முதலிய நாடுகளிலிருந்து வந்த சமயத் தொண்டர்கள், வியட்நாமிய மொழியை ரோமன் எழுத்தில் எழுதிப் பார்த்தனர். அவர்களுள் ஒருவரான அலெக்சாந்தர் தெ ரோட் என்பவர் தொகுத்த வியட்நாமிய, போர்த்துகீசிய, லத்தீன் அகராதி 1651இல் ரோம் நகரில் அச்சாயிற்று. இந்த எழுத்து முறையே பின்னர் 'குவோக் ஙு', அதாவது தேசிய மொழி எழுத்து, என்று பெயர் பெற்றது.

இவ்விடத்தில் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1837இல் பிறந்த துருவோங் வின் கீ என்ற வியட்நாமிய இளைஞர், 1850களில் பினாங்கிலிருந்த கத்தோலிக்க குருமாணவர் கல்லூரியில் பயின்றார். பல நாட்டு மாணவர் கூடியிருந்த அக்கல்லூரியில் லத்தீன்தான் பொது மொழி. அங்கிருந்து திரும்பிய அவர் பன்மொழிப் புலவராக விளங்கினார். 1863இல் பிரான்சுக்குச் சென்ற தூதுக்குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சென்றார். 1865இல் சைகோனில் தொடங்கிய முதல் குவோக் ஙு செய்தித்தாளுக்கு 1869இல் ஆசிரியரானார். பல மொழிகளைக் கற்ற அந்த மனிதர், தம் உழைப்பின் பெரும் பகுதியைத் தாய்மொழியில் எழுதுவதற்கே தந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

பின்னர் பிரெஞ்சு ஆட்சி வேரூன்றியது. உயர்ந்த பள்ளிகளில் பிரெஞ்சே ஆண்டது. 1919இல் ஹுவே நகரில் கடைசிச் சீன எழுத்துத் தேர்வு நடந்தது. பிரெஞ்சுச் சொற்கள் பல வியட்நாமியர் நாவில் ஏறி உருமாறின. இரயில் நிலையத்துக்கு 'கா' என்றனர். காப்பிக்குக் 'கா ஃபே' என்றனர். பிரெஞ்சுக்காரர் தோட்டங்கள் திறந்தபோது வடக்கிலிருந்து ஏழைகள் ஒப்பந்தத்தின்பேரில் தெற்கே பால்மரக் காடுகளுக்குக் கொண்டு வரப்பட்டனர். 1930இல் ஃபூ ரியெங் தோட்டத்தில் அவர்கள் செய்த வேலைநிறுத்தம் வியட்நாம் வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று. ரப்பருக்கு அவர்கள் மொழியில் 'காவ் ஸு' என்று பெயர். அதுவும் பிரெஞ்சிலிருந்து வந்ததே. நாம் ஆங்கிலச் சொல்லை 'ரப்பர்' என்று தமிழாக்கிக்கொண்டோம் அல்லவா? அது போலத்தான்.

1945 செப்டம்பர் 2ஆம் நாள் ஹோ சி மின் விடுதலைப் பிரகடனத்தை வாசித்தார். அதன் தொடக்கத்தில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் வாசகம் ஒன்றை எடுத்தாண்டார். அதே செப்டம்பர் 8ஆம் நாள் எழுத்தறிவு இயக்கத்துக்கான ஆணை பிறந்தது. தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. எழுத்தின் உருவத்தை வீட்டுப் பொருள்களோடு ஒப்பிட்டு எளிய பாட்டுகளாகக் கற்பித்தனர். சந்தை வாயிலில் ஒரு பலகை இருக்கும். அதிலுள்ள சொல்லைப் படித்தவர் நேர்வழியே போகலாம். படிக்காதவர் 'குருட்டு வாயில்' வழியே போக வேண்டும்! ஓராண்டில் சுமார் 25 இலட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றதாக அரசின் கணக்கு கூறுகிறது. தாய்மொழிக்கு எளிய எழுத்து இருந்ததால்தான் இது நடந்தது.

1954இல் நாடு வடக்கு, தெற்கு என இரண்டாயிற்று. வடக்கே ரஷ்ய மொழியும் சீனமும் பயிலப்பட்டன. தெற்கே அமெரிக்கர் வருகையால் ஆங்கிலம் பரவியது. 1975 ஏப்ரல் 30ஆம் நாள் போர் முடிந்தது. ஆனால் பலருக்குத் துன்பம் முடியவில்லை. ஆயிரக்கணக்கானோர் சிறு படகுகளில் கடலில் இறங்கினர்.

திரங்கானுக் கரைக்கு அப்பால் பூலாவ் பீடோங் என்னும் சிறு தீவு உண்டு. 1978 ஆகஸ்டில் அங்கே அகதி முகாம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவில், 1979ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சுமார் 40,000 பேர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். முகாம் 1991இல் மூடப்படும் வரை, சுமார் 250,000 பேர் அதன் வழியே சென்றனர். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா முதலிய நாடுகளின் அதிகாரிகள் வந்து விசாரித்து ஆள்களை ஏற்றுக்கொண்டனர். தம் முறை வரும்வரை மக்கள் காத்திருந்தனர்.

காத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஆங்கிலம் படித்தார்கள். சைகோனில் முன்பே ஆங்கிலம் கற்றவர் ஆசிரியரானார்; மீனவரும் தையற்காரரும் தாய்மாரும் மாணவராயினர். பிலிப்பைன்ஸில் பாத்தான், இந்தோனேசியாவில் காலாங் ஆகிய முகாம்களில், 1980 முதல் அமெரிக்கா செல்வோருக்கு ஆங்கில வகுப்புகள் முறையாக நடைபெற்றன. போகும் ஊரில் வேலை கேட்கவும், மருத்துவரிடம் நோயைச் சொல்லவும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் அம்மொழி வேண்டும். அவர்களுக்கு ஆங்கிலம் வெறும் தேர்வுப் பாடமன்று.

அவ்வாறு கற்ற வியட்நாமியருக்கு எது கடினமாயிற்று? இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலாவது ஒலி. வியட்நாமிய மொழியில் ஒரே அசையைக் குரல் உயர்த்தியும் தாழ்த்தியும் சொன்னால் பொருள் மாறிவிடும். 'மா' என்பது குரலுக்கு ஏற்பப் பேயாகும், தாயாகும், குதிரையாகும், நெல் நாற்றும் ஆகும். இவ்வளவு நுட்பமான செவியுடையவர்களுக்கு ஆங்கிலச் சொல்லின் கடைசி ஒலி தடுக்கிறது. ஏனெனில் அவர்கள் மொழியில் சொல்லின் இறுதியில் சில மெய்களே வரும், 'ஸ்' வராது. ஆகவே 'நைஸ்', 'நைட்', 'நைன்' என்னும் மூன்றும் 'நை' என்றே ஒலிக்கக்கூடும்.

இரண்டாவது இலக்கணம். வியட்நாமியச் சொல் எந்நிலையிலும் உருமாறாது. பன்மைக்கு விகுதி இல்லை. காலத்துக்கு விகுதி இல்லை. நடந்து முடிந்ததற்கு 'டா', நடப்பதற்கு 'டாங்', நடக்கப்போவதற்கு 'ஸே' என்று வினைக்கு முன்னால் ஒரு சொல்லை வைப்பார்கள். மலாய் அறிந்த நமக்கு இது புதிதா? 'சூடா', 'செடாங்', 'ஆக்கான்' என்று மலாயில் சொல்வதில்லையா? அதே முறைதான். அவர்களுடைய பெண்கள் அணியும் நீண்ட அங்கிக்கு 'ஆவ் யாய்' என்று பெயர். 'ஆவ்' என்றால் சட்டை, 'யாய்' என்றால் நீளம். மலாயில் 'பாஜு பாஞ்சாங்' என்கிறோமே, அதே வரிசை! ஆங்கிலத்திலோ நீளம் முன்னே வர வேண்டும். எனவே புதிதாகக் கற்கும் வியட்நாமியர் 'டூ புக்' என்பார். 'யெஸ்டர்டே ஐ கோ' என்பார். அறிவில்லாததால் அன்று, தாய்மொழியின் வழியே நடப்பதால் அவ்வாறு சொல்கிறார்.

மூன்றாவது வாசிப்பு. ரோமன் எழுத்து அவர்களுக்கு முன்பே தெரியும். ஆகவே எளிது என்று எண்ணுவோம். அங்கேதான் வழுக்கல். குவோக் ஙு எழுத்தில் எழுதியபடியே படிக்கலாம். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று. தெரிந்த முகம் என்று நம்பி ஏமாறுவது போன்றது இது.

நான்காவது விளிப்பு. வியட்நாமியர் தம்மிலும் மூத்தவரை 'ஆன்' என்பர், அதாவது அண்ணன். அல்லது 'சி' என்பர், அதாவது அக்காள். ஆசிரியரிடம் மாணவர் தம்மை 'எம்', அதாவது தம்பி தங்கை, என்றே குறிப்பிடுவர். பெரியவரையும் சிறியவரையும் ஒரே 'யூ' என்று அழைப்பது அவர்களுக்குக் கூச்சம் தரும். இந்தக் கூச்சம் நமக்குப் புரியாததா?

நேயர்களே, இவ்விடத்தில் எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் நாம் பிழையைச் சிவப்பு மையால் சுழிப்பதையே பெருமையாகக் கருதினோம். ஒருநாள் ஒரு மாணவன், 'மை ஃபாதர் வெரி டயர்ட்' என்று எழுதியிருந்தான். 'இஸ்' எங்கே என்று கண்டித்தோம். அவன் தலை குனிந்தான். 'அப்பா மிகவும் களைப்பு' என்று தமிழில் சொன்னால் அதில் என்ன குறை? தமிழில் அங்கே 'இஸ்' தேவையில்லை. மலாயிலும் தேவையில்லை. வியட்நாமியரும் இவ்விடத்தில் இதே பிழையைச் செய்கிறார்கள். பையன் தன் தமிழறிவைக் கொண்டு ஆங்கிலம் எழுதியிருக்கிறான்! அது நமக்கு அன்று தோன்றவில்லை. விடியற்காலையில் பால் வெட்டப் போய்த் திரும்பிய தந்தையைப் பற்றி அவன் சொல்ல வந்த செய்தியையும் நாம் அன்று படிக்கவில்லை.

பிழைக்கு ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் திருத்துவது எளிது. வியட்நாமியர் சொல்லின் கடைசி ஒலியை விழுங்குகிறார். நாமோ 'புக்கு', 'பஸ்ஸு' என்று கடைசியில் ஒன்றைக் கூட்டிவிடுகிறோம். அவர் சேர்க்கப் பழக வேண்டும். நாம் நிறுத்தப் பழக வேண்டும். 'நான் காப்பி குடிக்கிறேன்' என்பதில் வினை கடைசியில் நிற்கிறது. வியட்நாமியத்திலும் ஆங்கிலத்திலும் அது நடுவில் நிற்கும். இங்கே அவர்களுக்கு எளிது, நமக்குக் கடினம். ஆனால் 'வந்தான், வருகிறான், வருவான்' என்று காலத்தைச் சொல்லுக்குள்ளேயே காட்டத் தெரிந்தவர்கள் நாம். இங்கே நமக்கு எளிது, அவர்களுக்குக் கடினம். தமிழை மறந்த பிள்ளைக்கு இந்தத் துணை கிடைக்குமா?

பயிற்சி முறைகளையும் அவர்கள் கதையோடு சேர்த்தே காணலாம். முதலில் அன்றாடம் கையாளும் சொற்கள். 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலி 1959இல் 'ஸ்பெஷல் இங்கிலிஷ்' என்னும் ஒலிபரப்பைத் தொடங்கியது. சுமார் 1,500 சொற்களைக் கொண்டே, மெதுவான குரலில் உலகச் செய்திகளைச் சொன்னது. அத்தனை சொற்களே போதுமாயின! நாளொன்றுக்கு 3 சொற்கள் கற்றால், ஒன்றரை ஆண்டில் அந்த அளவை எட்டலாம். வாளி, கத்தி, ஏணி, மழை, சம்பளம் என்று கண்ணில் படுபவற்றிலிருந்தே தொடங்கலாம். அடுத்து, ஒரே வாக்கியத்தைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எது எங்கே இடம் மாறுகிறது என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். பிறகு, தினமும் பத்து நிமிடம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அருகில் அமர்ந்து கேட்கும் தாய்க்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் கேட்கிறார் என்பதே பிள்ளைக்கு ஊக்கம்.

வியட்நாம் 1986இல் பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கியது. 1995இல் அமெரிக்காவோடு அரசுறவு கொண்டது. அதே ஆண்டில் ஆசியானிலும் சேர்ந்தது. ரஷ்ய மொழி இருந்த இடத்துக்கு ஆங்கிலம் வந்தது. 2022ஆம் கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஓர் அந்நிய மொழி கட்டாயப் பாடமாயிற்று. பெரும்பாலான பள்ளிகளில் அது ஆங்கிலமே.

சீனம், பிரெஞ்சு, ரஷ்யம், ஆங்கிலம் என்று நான்கு மொழிகள் அவர்கள் வாசலுக்கு வந்தன. எல்லாவற்றையும் கற்றனர். ஆனால் வீட்டுக்குள் தாயும் பிள்ளையும் பேசியது வியட்நாமியமே. ஆகவே, "தமிழை நிறுத்தலாமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு நம் விடை இதுதான்: நிறுத்த வேண்டாம். இன்றிரவு பிள்ளையின் ஆங்கில ஏட்டைத் திறந்து பாருங்கள். பிழையைக் கண்டால் கடிந்துகொள்ளாதீர்கள். "இதைத் தமிழில் எப்படிச் சொல்வாய்?" என்று கேளுங்கள். பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.